ஃபார்மட் போடச் சொன்னால் சற்றுப் பொறுங்கள்

சென்ற மாதம் ஒரு மாலை நேரத்தில், கல்யாண ஆல்பம் வடிவமைக்கும் தம்பி ஒருவர் தன் சிபியுவைத் துண்டில் சுற்றி, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். "விண்டோஸ் போய்விட்டது, ஃபார்மட்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் அண்ணா. உள்ளே ஏழு கல்யாணங்களின் படங்கள் இருக்கின்றன. போய்விட்டால் அந்த வீடுகளில் எந்த முகத்தோடு போய் நிற்பேன்?" என்றார்.

"கடைசியாக எதை மாற்றினீர்கள்?" என்று கேட்டேன். எந்தக் கம்ப்யூட்டர் வந்தாலும் ஸ்குரூடிரைவரை எடுப்பதற்கு முன் நான் கேட்கும் கேள்வி இது. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தையும் விண்டோஸோடு பேசவைக்கும் சிறு மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். எல்லா டிரைவர்களையும் ஒரே கிளிக்கில் புதுப்பித்துத் தருவதாகச் சொன்ன ஓர் இலவச மென்பொருளைத் தம்பி ஓட்டியிருக்கிறார். மறுபடி ஆன் செய்தபோது, விண்டோஸின் புள்ளிகள் வட்டமிட்டுச் சுற்றிவிட்டுத் திரை இருண்டுபோனது.

ஆனால் என் மேசையில் அது இருண்ட திரையைக் காட்டவில்லை. நீலத் திரைதான் வந்தது. 'இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்' என்று எழுதியிருந்தது. திரை இருண்டது என்றதும் நான் சந்தேகப்பட்டது, திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரைத்தான். ஆனால் அது கெட்டால் இந்த வாசகம் வராது. விண்டோஸ் தான் குடியிருக்கும் டிஸ்க்கையே அணுக முடியாதபோது வருவது இது. ஆக, இடையில் வேறு ஏதோ நடந்திருக்கிறது.

மதர்போர்டின் ஓரத்தில் பிராசசர், ரேம், கிராஃபிக்ஸ், பூட் என நான்கு சின்னஞ்சிறு விளக்குகள் இருந்தன. ஒவ்வொன்றாக எரிந்து, நான்கும் அணைந்தன. பாகங்களில் கோளாறு இல்லை என்று மனம் சற்று நிம்மதியானது. டெலீட் பொத்தானை அழுத்தி, விண்டோஸுக்கு முன்பே மதர்போர்டில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள் போனேன். தேதி 2022 ஜனவரி 1 என்று காட்டியது. "பேட்டரியைக் கழற்றினீர்களா?" என்றேன். யாரோ சொன்னார்கள் என்று, மதர்போர்டில் இருக்கும் அந்த நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்.

அங்கேதான் இரண்டாவது கோளாறு பிறந்தது. பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இன்டெல்லின் 11-ஆம் தலைமுறைப் பிராசசர் முதல் வந்த பல கம்ப்யூட்டர்களில், டிஸ்க்கை விண்டோஸ் எந்த வழியாக அணுக வேண்டும் என்பதை மாற்றும் விஎம்டி என்று ஓர் அமைப்பு பயாஸில் உண்டு. இவருடைய கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தவர் அதை ஆன் செய்த நிலையில் விண்டோஸ் போட்டிருந்தார். இப்போது அது ஆஃப் ஆகிவிட்டது. டிஸ்க் அதே இடத்தில் இருக்கிறது. அதற்குப் போகும் வழிதான் மாறிவிட்டது. இதை ஃபார்மட் போட்டும் 'சரிசெய்து'விடலாம் என்பதுதான் கொடுமை. விண்டோஸ் ஓடும், ஏழு கல்யாணங்கள் போய்விடும்.

எதையும் தொடுவதற்கு முன், டிஸ்க்கான எஸ்எஸ்டியைப் பிடித்திருந்த ஒற்றை ஸ்குரூவைக் கழற்றி, எஸ்எஸ்டியை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கம்ப்யூட்டரில் திறந்தேன். மணமக்கள் பெயரிட்ட ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. தம்பி நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான். படங்களை நகல் எடுத்த பிறகே பழுதுவேலையைத் தொடங்கினேன். சாவி இல்லாமல் டிஸ்க்கைப் படிக்க முடியாதபடி செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இவருடைய டிஸ்க்கில் இல்லாததால்தான் இது முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த புதிய விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்களில், நீங்கள் கேட்காமலே அந்தப் பூட்டு விழுந்திருக்கக்கூடும். அதன் 48 இலக்க மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். பயாஸில் கைவைக்கும் முன் அதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சாவி இல்லாமல் என்னைப் போன்றவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

விஎம்டியை மறுபடி ஆன் செய்ததும் நீலத் திரை மறைந்து, பழைய இருட்டு திரும்பியது. நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். இனி மிச்சமிருப்பது கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டுமே. புள்ளிகள் சுற்றும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து நிறுத்தினேன். இப்படி இரண்டு முறை செய்ததும், அடுத்த முறை விண்டோஸ் தானே மீட்புத் திரைக்குப் போனது. (அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள்.) அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று போய் 4-ஐ அழுத்தினால் சேஃப் மோட். அதில் மிக அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஓடும் என்பதால் படம் வந்துவிட்டது. டிவைஸ் மேனேஜரில், பழைய டிரைவருக்குத் திரும்ப உதவும் ரோல் பேக் பொத்தான் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடந்தது. எனவே இன்டர்நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு டிரைவரையே நீக்கினேன். கேபிள் மாட்டியிருந்தால், மறுபடி சாதாரணமாக ஆன் ஆனதும் விண்டோஸ் தானாகவே வேறொன்றைக் கொண்டுவந்து போட்டுவிடக்கூடும். பிறகு கிராஃபிக்ஸ் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே, அந்தக் கார்டுக்குரிய டிரைவரை எடுத்துப் போட்டேன்.

சாதாரண மென்பொருள் கெட்டால் அது மட்டும் மூடிக்கொள்ளும். பல டிரைவர்கள் விண்டோஸின் உட்கருவிலேயே ஓடுகின்றன. அங்கே பிசகினால் மொத்தமும் படுத்துவிடும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் ஒரு பிழையான அப்டேட்டால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. விமானங்கள்கூட ரத்தாயின. அதற்கும் முதலில் சொல்லப்பட்ட தீர்வு, சேஃப் மோடில் போய், அந்த அப்டேட்டில் வந்த பிழையான கோப்பை அழிப்பதுதான். ஃபார்மட் போடுவது அல்ல.

ஒரு கம்பெனியே முழுதாகத் தயாரித்து விற்கும் கம்ப்யூட்டருக்கு, அதன் ஒரே தளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்தால் எல்லா டிரைவரும் கிடைத்துவிடும். அசெம்பிள் செய்ததற்கு அப்படியில்லை. மதர்போர்டுக்கு ஓர் இடம், கிராஃபிக்ஸுக்கு வேறோர் இடம். ஒரே மாடல் போர்டிலேயே 1.0, 1.1 என்று பதிப்பு மாறினால் இன்டர்நெட் கேபிளுக்கான லேன் சிப்பும் மாறியிருக்கலாம். ஒரே கிளிக் மென்பொருள்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

தம்பி கிளம்பும் முன், விண்டோஸின் அமைப்புகளை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் சிஸ்டம் ரீஸ்டோரை சி டிரைவுக்கு ஆன் செய்து கொடுத்தேன். பிறகு ஒரு தாளில் மதர்போர்டின் மாடல், பதிப்பு எண், கிராஃபிக்ஸ் கார்டின் பெயர், 'விஎம்டி ஆன்' ஆகியவற்றைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, சிபியுவின் பக்கக் கதவுக்கு உட்புறம் ஒட்டினேன். தம்பி அதையும் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.