நாணல் படுகைக்கு அடியில் நடக்கும் வேலை

சிங்கப்பூரின் வடகிழக்கில் செங்காங், பொங்கோல் பூங்காக்களைச் சுற்றி 26 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பூங்கா இணைப்புப் பாதை வட்டமடிக்கிறது. அதில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு முதலில் தெரிவது மேடு இல்லாததுதான். கால் வலிக்காமல் ஓட்டிக்கொண்டே போகலாம். காரணம், பாதை பெரும்பாலும் நீரை ஒட்டியே போகிறது. நிலம் குறைவான தீவில் நீளமான பாதைக்குத் தனியாக இடம் தேடுவது கடினம். அதனால் 1990களிலிருந்து, கால்வாய்களையும் ஆறுகளையும் பராமரிக்க ஓரமாக விட்டிருந்த நிலத்திலேயே இந்தப் பாதைகளைப் போட ஆரம்பித்தார்கள். நீர் ஓடும் சரிவு மிக மெல்லியது. அதன் கரையில் போகிற பாதையும் அப்படித்தான் இருக்கும்.

இங்கே சைக்கிளில் போகிறவர் மழைநீர் போகும் வழியிலேயே போகிறார். சிங்கப்பூர் நிலப்பரப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கில் பெய்யும் மழை, வடிகால்கள் வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போய்க் குடிநீராகிறது. சாலைத் தூசும் எண்ணெயும் இலைக்குப்பையும் கலந்துதான் அந்த நீர் வருகிறது. அதனால் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகும் முன்பே, பாதையோரத்தில் கொஞ்சம் சுத்தம் செய்யும் ஏற்பாடுகள் இருக்கின்றன. செங்காங்கில் பொங்கோல் நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் சதுப்புத்தோட்டம் அதில் ஒன்று. செடிகளுக்கு மண் கிடையாது. வேர்கள் நேராக நீருக்குள் தொங்குகின்றன. அந்த வேர்களைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான நுண்ணுயிர்ப் படலம்தான் வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது.

ஆனால் இந்த வட்டாரத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் என்று ஒன்றை மட்டும் கேட்டால், பொங்கோல் கரையிலிருந்து சிவப்புப் பாலத்தைக் கடந்து லோரோங் ஹாலுஸ் சதுப்புநிலத்துக்குப் போகச் சொல்வேன். நாணலும் சம்பும் அடர்ந்து நிற்கும் இந்தப் பசுமைக்குப் பின்னால் இருப்பது ஒரு குப்பைமேடு. 1970இலிருந்து 1999 மார்ச் வரை நகரத்தின் குப்பை இங்கே கொட்டப்பட்டது. அதன் பிறகுதான் செமாக்காவ் தீவுப் பக்கம் போனது.

குப்பை கொட்டுவது நின்றாலும் மழை நிற்கவில்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும் ஊர் இது. புதைந்த குப்பைக்குள் இறங்கும் நீர், அங்கே கரையக்கூடியதையெல்லாம் கரைத்துக்கொண்டு பக்கவாட்டில் கசியும். பக்கத்தில் இருந்தது கடலோடு கலக்கும் சிராங்கூன் ஆறு. அதன் முகத்துவாரத்தில் அணை கட்டிக் குடிநீர்த் தேக்கமாக மாற்ற முடிவானபோது, இந்தக் கசிவை அப்படியே விட முடியாது என்றானது. அதனால் தேக்கத்தின் கிழக்குக் கரையோரமாக 6.4 கிலோமீட்டர் நீளத்துக்கு, 18 மீட்டர் ஆழத்தில், நிலத்துக்குள் ஒரு தடுப்புச் சுவர் இறக்கினார்கள். சுவருக்கு உட்புறம் சேரும் கசிவுநீரை எடுத்து நாணல் படுகைகளுக்குள் விடுகிறார்கள்.

வயதான குப்பைமேட்டின் கசிவுநீரில் எளிதில் மட்கும் பொருள்கள் பெரும்பாலும் முதல் சில ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும். தீராமல் நிற்பது அம்மோனியா. உணவுக் கழிவிலுள்ள புரதம் சிதையும்போது அது உருவாகிறது. காற்றே இல்லாத குப்பைக்கு அடியில் அதை மேற்கொண்டு மாற்றும் வழி அநேகமாக இல்லை. அதனால் பல பத்தாண்டுகளுக்குக் கசிந்துகொண்டே இருக்கும். மீன்களுக்கு அது நஞ்சு, பாசிகளுக்கு உரம்.

அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் இயற்கையில் ஏராளம். நைட்ரோசோமோனாஸ் வகை முதல் பாதியையும், நைட்ரோஸ்பைரா வகை அடுத்த பாதியையும் செய்கின்றன. அவற்றுக்குத் தேவை ஆக்சிஜன், அதுவும் நிறைய. அம்மோனியாவிலுள்ள 1 கிராம் நைட்ரஜனை மாற்ற ஏறக்குறைய 4.6 கிராம் ஆக்சிஜன் வேண்டும். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் 1 லிட்டர் நீர், காற்றிலிருந்து கரைத்து வைத்துக்கொள்ளக்கூடியது 7.5 மில்லிகிராம்தான். அது 2 மில்லிகிராம் நைட்ரஜனுக்குக்கூடப் போதாது. குப்பைமேட்டுக் கசிவுநீரில் அந்த நைட்ரஜன் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருப்பது சாதாரணம். மேலிருந்து புதிதாக ஆக்சிஜன் இறங்கட்டும் என்று காத்திருக்கவும் முடியாது. காற்றில் பரவுவதைவிட நீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது.

சரி, நாணலும் சம்பும் இங்கே என்ன செய்கின்றன? சம்பின் இலையையோ தண்டையோ குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பஞ்சு போல வெற்றறைகள் தெரியும். சேற்றில் புதைந்த வேர் மூச்சுவிட, மேலிருந்து கீழே காற்றைக் கொண்டுபோகும் குழாய்கள் இவை. வெயில் ஏறும்போது இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் லேசாகக் கூடுகிறது. அந்த அழுத்தம் காற்றை வேர்க்கிழங்கு வரை தள்ளி, பழைய இலைகள் வழியாக வெளியேற்றுகிறது. பம்பு எதுவும் இல்லாமல், வெயிலை வைத்தே செடி தன் அடிப்பகுதிக்குக் காற்றோட்டம் கொடுக்கிறது. என்னைக் கேட்டால், பாதையோரத்தில் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவற்றில் இதைவிட அழகானது வேறில்லை.

அந்த ஆக்சிஜனில் ஒரு பங்கு வேர்நுனிகளிலிருந்து சேற்றுக்குள் கசியும். வேரைச் சுற்றி மெல்லிய உறையளவுக்கு ஆக்சிஜன் உள்ள இடம் உருவாகிறது. அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் அங்கே குடியேறும். உறையைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப் போனால் மறுபடி ஆக்சிஜன் இல்லாத சேறு. அங்கே வேறு பாக்டீரியாக்கள், ஆக்சிஜனுக்குப் பதிலாக நைட்ரேட்டை வைத்தே சுவாசிக்கின்றன. அப்போது அதிலுள்ள நைட்ரஜன் வாயுவாகிக் குமிழியாக மேலேறிவிடும். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 விழுக்காடு இருக்கும் அதே நைட்ரஜன்தான். எதிரெதிரான இரண்டு சூழல்கள் அருகருகே இருப்பதால்தான் இது நடக்கிறது. இரண்டாவது கூட்டத்துக்கு உணவாகக் கரிமப்பொருள் தேவை. வயதான கசிவுநீரில் அது குறைவு. உதிர்ந்து மட்கும் நாணல் தாள் அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

செடிகள் நீரிலுள்ள அழுக்கை உறிஞ்சிவிடுகின்றன என்று பொதுவாகச் சொல்கிறோம். உறிஞ்சுவது உண்மை. ஆனால் இப்படிப்பட்ட நீரில் அந்தப் பங்கு சிறியது. செடியை அறுத்து அப்புறப்படுத்தாவிட்டால் அதுவும் மட்கி நீருக்கே திரும்பும். பாக்டீரியாக்களுக்கு இடமும் காற்றும் தீனியும் கொடுப்பதுதான் செடியின் பெரிய பங்களிப்பு. இந்த விஷயத்தில் வெப்பமண்டலம் அதிர்ஷ்டம் செய்தது. குளிர்நாடுகளில் நீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் இந்த பாக்டீரியாக்கள் வெகுவாகச் சோர்ந்துவிடும். இங்கே குளிர்காலம் என்பதே இல்லை.

ஆனாலும் படுகையால் செய்ய முடியாதவை உண்டு. நீரில் கரைந்த உப்பை பாக்டீரியா எதுவும் தின்னாது, செடியும் பெரிதாக எடுக்காது. எளிதில் மட்காத பழுப்புநிறக் கரிமப்பொருள்களும் பெரும்பாலும் அப்படியே கடந்துபோகும். அதனால் படுகைகளையும் அடுத்துள்ள குளங்களையும் கடந்த நீரை நேரே நீர்த்தேக்கத்தில் விடுவதில்லை. கழிவுநீர்க் குழாயில் சேர்த்து, மேற்கொண்டு சுத்திகரிக்க ஆலைக்கு அனுப்புகிறார்கள்.