முதுகெலும்பு விலகினால் தோட்டத் தொழிலாளிக்கு என்ன உரிமை?

இலங்கையின் தேயிலைத் தோட்டத்தில் இடுப்பு வலி இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள், கவ்வாத்து வெட்டுகிறவர்கள், ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று எல்லோருக்கும் இருக்கிற வலி என்பதால், யாரும் அதை ஒரு நோயாக எடுத்துக்கொள்வதில்லை. பனடோல் போட்டு, தைலம் தேய்த்து, மறுநாள் காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விடுகிறார்கள். பல வருடம் கழித்து ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்து “முள்ளந்தண்டு எலும்பு விலகியிருக்கு” என்று சொல்லும்போது, அதுவரை பட்ட வலிக்குச் சாட்சியாக ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் இருக்காது. நட்டஈடு, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) எல்லாமே கடதாசியைப் பார்த்துத்தான் பேசும். நோயைப் பற்றிச் சொல்லும்போதே அந்தக் கடதாசியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

எலும்பு விலகல் என்றால், முள்ளந்தண்டில் ஒரு எலும்பு தனக்குக் கீழே இருக்கும் எலும்பின் மேலிருந்து முன்பக்கமாக நகர்ந்துவிடுவது. கிளினிக் கொப்பியில் ஸ்பொண்டிலோலிஸ்தீசிஸ் என்று எழுதியிருப்பார்கள். பெரும்பாலும் இடுப்புப் பகுதியின் கடைசி இரண்டு எலும்புகளில்தான் இது வரும். சிலருக்குச் சின்ன வயதிலேயே எலும்பின் பின்பக்கத்தில் ஒரு மெல்லிய வெடிப்பு விழுந்து, அது தெரியாமலே வளர்ந்து, பிறகு நகரும். ஐம்பது வயதுக்கு மேல் வருவது வேறு வகை. மூட்டும், எலும்புகளுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் டிஸ்க்கும் தேய்ந்து பிடிமானம் தளர்வதால் வருவது. இது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதை வைத்து கிரேட் போடுவார்கள். கால்வாசிக்குள் என்றால் 1, பாதிக்குள் என்றால் 2, அப்படியே 4 வரை போகும். கிரேட் 1, 2 ஆட்களில் பெரும்பாலானவர்களுக்கு ஒப்பரேஷன் தேவைப்படாது. எலும்பு விலகிவிட்டது என்று கேட்டவுடனே இனி நடக்கவே முடியாது என்று பயந்துவிட வேண்டியதில்லை.

டிஸ்க் விலகுவது வேறு. அது அந்த மெத்தை பிதுங்கி நரம்பை அழுத்துவது. வலி பிட்டத்திலிருந்து ஒரு காலில் மின்சாரம் போல இறங்கும். நரம்பு போகும் பாதையே ஒடுங்கிவிட்டால், மலையில் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகும்; உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ ஆறுதலாக இருக்கும். இடுப்பு வலியோடு பின்னேரக் காய்ச்சல், இரவு வியர்வை, உடம்பு மெலிவு எல்லாம் சேர்ந்து வந்தால், முள்ளந்தண்டில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மருந்து இருக்கிறது, இலவசம்.

ஒரு விஷயத்தை மட்டும் தள்ளிப்போடவே கூடாது. சிறுநீர் போகாமல் நின்றுவிடுவது அல்லது தெரியாமலே போவது, மலம் அடங்காமல் போவது, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் இழுபடுவது. இதில் எது வந்தாலும் அன்றைக்கே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். டிஸ்பென்சரி திறக்கும்வரை காத்திருந்தால் காலின் பலம் திரும்பாமலே போகலாம். இந்த நிலையில் நீவி விடுவது, இழுத்து எடுப்பது எதுவும் வேண்டாம்.

சிகிச்சைக்கு அரச வைத்தியசாலையில் பணம் இல்லை. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பும் துண்டு வாங்கி, டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா, பதுளை பெரியாஸ்பத்திரிக்கோ போகலாம். அங்கிருந்து தேவைப்பட்டால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள். நின்றபடி, பக்கவாட்டில் எடுக்கும் எக்ஸ்ரேயில்தான் விலகல் நன்றாகத் தெரியும். அப்புறம் பிசியோதெரபி. வயிறு, முதுகுத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியைச் சலிக்காமல் மாதக்கணக்கில் செய்பவர்களுக்குத்தான் பலன். பெல்ட் கொஞ்ச நாள் உதவும், அதுவே மருந்து இல்லை. குனிந்து பாரம் தூக்கக்கூடாது, இலகுவான வேலைதான் தர வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாயால் சொன்னது மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையிடம் செல்லாது.

சரி, நட்டஈடு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். வேலை செய்யும்போது, வேலையின் காரணமாக, விபத்தில் காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். 2022இல் வந்த திருத்தத்தோடு உச்ச வரம்பு 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்ந்தது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நடக்கும் விபத்தும் உள்ளே வந்தது. லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) மலைக்கு ஏறும் வழுக்குப் படிகளை நினைத்துப் பார்த்தால், இது சின்ன விஷயம் இல்லை.

சட்டம் பேசுவது விபத்தைப் பற்றி. விபத்துக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, இடம் உண்டு. இருபது வருடமாகக் கூடையைத் தலையில் மாட்டி, கொழுந்தோடு சரிவில் ஏறி இறங்கித் தேய்ந்த முதுகுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது. தேய்மானத்தை வைத்து நட்டஈடு வாங்குவது மிகவும் கஷ்டம். இது எனக்குப் பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அப்படித் தேய்ந்த முதுகு திடீரென்று மோசமாவது பல தடவை ஒரு விழுகையோடுதான். ஒரு அக்கா மழை நாளில் நிறுவைக்குக் கொழுந்துச் சாக்கோடு இறங்கும்போது கானுக்குள் (தண்ணீர் ஓடும் வாய்க்கால்) கால் வழுக்கி, இடுப்படிபட விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழும்பி, சேலையைத் தட்டி, “ஒண்ணுமில்ல” என்று சொல்லி, கொழுந்தை நிறுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். மூன்றாம் நாள் படுக்கையிலிருந்து எழும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் “இடுப்பு வலி, கொஞ்ச நாளா இருக்கு” என்கிறார். கொப்பியிலும் அப்படியே ஏறிவிடுகிறது. அந்த ஒரு வரியோடு விபத்து காணாமல் போய்விடுகிறது.

அதே அக்கா அன்றைக்கே கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லி, டிஸ்பென்சரிக்குப் போய், “இன்னைக்கு இத்தனை மணிக்கு, ஏழாம் நம்பர் மலையில, சாக்கோட விழுந்தேன்” என்று பதிய வைத்திருந்தால் கதை வேறு. பக்கத்து நிரையில் பறித்த இரண்டு பேரின் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் முதல் வார்த்தையே “வேலையில விழுந்துட்டேன்” என்று இருக்க வேண்டும். ஏற்கெனவே முதுகில் பலவீனம் இருந்தது என்பதற்காக மட்டும் கோரிக்கையை விட்டுவிடாதீர்கள். இருந்த நோயை விபத்து மோசமாக்கியது என்று வைத்தியர் எழுதினால் வாதாட இடம் உண்டு. டயக்னோசிஸ் கார்ட், எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி மூன்றையும் ஒரு பையில் போட்டு, கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள்.

கோரிக்கையை விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளருக்கு அனுப்ப வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பதுளை, கண்டி தொழில் அலுவலகங்களில் விசாரித்தால் வழி காட்டுவார்கள். தமிழிலேயே எழுதலாம், அது அரசியலமைப்பு தந்த உரிமை. தோட்டத்தில் கொஞ்சம் காசு தருகிறோம், கையெழுத்துப் போடு என்றால், தொழிற்சங்கத் தலைவரிடமோ தொழில் அலுவலகத்திலோ காட்டாமல் போட வேண்டாம்.

இன்னொன்று. முதுகு முடியவில்லை என்று அவசரப்பட்டு வேலையை விட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஈ.பி.எஃப் பணம் வழக்கமாகப் பெண்ணுக்கு 50 வயதிலும் ஆணுக்கு 55 வயதிலும்தான் கைக்கு வரும். ஆனால் இனி எந்த வேலையும் செய்ய முடியாத நிரந்தர இயலாமை என்று வைத்தியர் சான்று தந்தால், அந்த வயதுக்கு முன்பே முழுவதையும் எடுக்கலாம். விண்ணப்பம் கே படிவத்தில். பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ஈ.பி.எஃப் உறுப்பினர் அட்டையான பி அட்டையில் சரியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்றிருந்தால் அலைச்சல்தான். வேலையில் இருந்துகொண்டே சிகிச்சைக்காக 30 வீதம் எடுக்கவும் வழி உண்டு. 10 வருட சேவையும் கணக்கில் 3 இலட்சமும் வேண்டும். உங்கள் சிகிச்சை அதற்குள் வருகிறதா என்று ஒப்பரேஷன் திகதி கிடைத்ததுமே தொழில் அலுவலகத்தில் கேளுங்கள். முதலாளி தனியாக 3 வீதம் கட்டும் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) கணக்கும் இருக்கிறது, அதையும் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நாமே விலகினாலும் இது போகாது.

வேலைக்கே போக முடியாத குடும்பத்துக்கு அஸ்வெசும இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆனது. அதற்குக் கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் வைத்தியச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்பரேஷனுக்குப் போடும் ஸ்குரூ, பிளேட்டை வெளியில் வாங்கச் சொன்னால், கடன் வாங்கும் முன் ஜனாதிபதி நிதியத்துக்கு விண்ணப்பியுங்கள். அந்தப் படிவத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். ஒப்பரேஷன் முடிந்த பிறகு இல்லை, முன்பே கொடுங்கள்.