ஃபார்மேட் போட்டால் டிஸ்க் பிழைக்காது

"புது எஸ்எஸ்டி போட்டு விண்டோசும் ஏத்தியாச்சு. பழைய ஹார்ட் டிஸ்க் சரியாகுதான்னு ஃபார்மேட் போட்டுப் பார்த்தோம். இப்ப அதுல இருந்ததை எடுத்துத் தர முடியுமாண்ணா?"

லேப்டாப் சர்வீஸ் கடையில் உட்கார்ந்தால் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. கடைசியாக வந்தவர் ஒரு மளிகைக் கடைக்காரர். கடையின் டேலி கணக்கு மொத்தமும் அந்த டிஸ்க்கில்தான். பேக்கப் எங்கே என்றால், "டி டிரைவ்ல இருந்துச்சே" என்கிறார். சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கைப் பிரித்த இரண்டு பகுதிகள், அதாவது பார்ட்டிஷன்கள். டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தேதான் போகும்.

ஃபார்மேட் போட்டால் பழுது நீங்கிவிடும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். வைரசாலோ, கண்ட மென்பொருளை ஏற்றியதாலோ கணினி மெதுவாகியிருந்தால், ஃபார்மேட் போட்டு விண்டோசை மறுபடி ஏற்றியதும் வேகம் வந்துவிடும். அது விண்டோசின் கோளாறு. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, ஒரு போட்டோவைத் திறக்கவே நிமிடக்கணக்கில் திணறினாலோ, அது டிஸ்க்கின் கோளாறு. உள்ளே சுழலும் தட்டின் பரப்பு கெட்டிருக்கும், அல்லது அதைப் படிக்கும் ஹெட் பழுதாகியிருக்கும். ஃபார்மேட் என்பது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைப் புதிதாக எழுதும் வேலை. அது ஹெட்டைச் சரிசெய்யாது. கெட்டுப்போன பரப்பை நல்லதாக்காது.

அதிலும் குவிக் ஃபார்மேட் என்றால் ஹார்ட் டிஸ்க்கில் பட்டியல் மட்டும்தான் போகும், கோப்புகள் அப்படியே கிடக்கும். அதற்கு மேல் எதையும் ஏற்றாமல் கொண்டுவந்தால் மீட்க வழி உண்டு. குவிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் போட்டால், விஸ்டா பதிப்பிலிருந்து விண்டோஸ் அந்தப் பார்ட்டிஷன் முழுவதும் பூஜ்யங்களை எழுதிவிடுகிறது. அப்புறம் யாரிடம் போயும் பயனில்லை. தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நிலைமை இன்னும் மோசம். குவிக் ஃபார்மேட் போட்டாலே ட்ரிம் என்ற கட்டளை போய், பழைய தரவைச் சில்லு தானே துடைத்துவிடும்.

"இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால், தயவுசெய்து கேன்சல் கொடுங்கள். டிஸ்க்கில் உள்ளதைப் படிக்க முடியவில்லை என்பதைத்தான் அது அப்படிச் சொல்கிறது. டிஸ்க்கை ஃப்ரீசரில் வைக்கவும் வேண்டாம். உள்ளே ஈரம் கோத்து இருந்ததும் போகும்.

சரி, புது டிஸ்க் மாற்றுவதற்கு வருவோம். முதல் வேலை நகல் எடுப்பது. பழைய டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேவையானதை வெளி டிஸ்க்கில் போட்டு, நாலைந்து கோப்புகளைத் திறந்தும் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் காட்டும். மஞ்சள் வந்தாலே நகலைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டிக்கொள்கிறது. கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி இல்லாமல் எங்களாலும் திறக்க முடியாது. கழற்றும் முன்பே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும் முன் எந்த வகை என்று கேளுங்கள். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவ எஸ்எஸ்டியிலேயே சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு வகைகள் உண்டு. சில லேப்டாப்களில் ஒன்றுக்கான இடத்தில் மற்றது மாட்டிக்கொள்ளும், ஆனால் வேலை செய்யாமல் போகலாம். மாட்டும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையிலிருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள். குட்டை ஸ்க்ரூ இருந்த இடத்தில் நீளமானதை முறுக்கி, டச்பேட் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும் லேப்டாப்கள் இங்கே அடிக்கடி வருகின்றன.

விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க் உள்ளே இருக்கவே கூடாது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் திரையில் காட்டும். தவறானதில் டெலீட் அழுத்த ஒரு நொடி போதும். இரண்டாவது டிஸ்க்காகப் போட்ட புது டிஸ்க் கண்ணில் படவில்லையென்றால் கெட்டுப்போனது என்று திருப்பித் தர ஓடாதீர்கள். விண்டோசின் டிஸ்க் மேனேஜ்மென்டில் போய், பார்ட்டிஷன் பட்டியலின் வகையாக ஜிபிடி என்று தேர்ந்து இனிஷியலைஸ் செய்து, 'நியூ சிம்பிள் வால்யூம்' கொடுத்துப் பார்ட்டிஷன் உருவாக்க வேண்டும், அவ்வளவுதான். 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்று காட்டுவதும் ஏமாற்று அல்ல. கம்பெனி 1000 கணக்கில் எண்ணுகிறது, விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது.

பழைய டிஸ்க்கை உடனே விற்காதீர்கள், ஒரு மாதமாவது வீட்டில் இருக்கட்டும். நகலில் ஏதோ விட்டுப்போனது என்று பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் தெரியும். அப்புறம் விற்பதானால், அந்த முழு ஃபார்மேட்டை எல்லாப் பார்ட்டிஷனிலும் அப்போது போடுங்கள். ஆதார், பான் ஸ்கேன், வீட்டுப் பத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கும். ஓடாத டிஸ்க்கை அழிக்க வழியில்லை, அதனால் பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் தட்டுகளில் ட்ரில் போட்டுவிடுங்கள்.