ஓரணாவுக்கு ஆறு பைசாவா, ஏழு பைசாவா?

எங்கள் வீட்டு மர அலமாரியின் அடித்தட்டில் ஒரு பழைய பவுடர் டப்பா உண்டு. உள்ளே பட்டன், ஊக்கு, ஒற்றைத் தோடு, அப்புறம் நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட ஒரு வெண்கலக் காசு. ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப் போர் நடந்த நேரத்தில், உலோகத்தை மிச்சம் பிடிக்க 1943-இலிருந்து அடித்த காசு அது. அந்தக் காசு செல்லாமல் போய்ப் பல வருடங்கள் ஆன பிறகும் என் பாட்டி காய்கறிக்காரரிடம் 75 பைசாவைப் "பன்னெண்டணா" என்றுதான் சொல்வார். அவரும் மறுபேச்சில்லாமல் சரியாகச் சில்லறை தருவார். சின்ன வயதில் எனக்கு இது வெறும் பழக்கதோஷமாகத் தெரிந்தது. ஒரு நாடு முழுவதும் ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று பிற்பாடு படித்தபோதுதான், மாற்றம் ஒழுங்காக நடந்ததற்கு அந்தப் "பன்னெண்டணா" ஒரு சாட்சி என்று புரிந்தது.

1957 ஏப்ரல் 1, திங்கட்கிழமை. முட்டாள்கள் தினம்தான், ஆனால் விளையாட்டில்லை. அன்றிலிருந்து இந்தியாவில் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. அதற்கு முந்தைய நாள் வரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓரணாவுக்கு 4 காலணா, அதையே தம்பிடியில் சொன்னால் 12 தம்பிடி. ஆக ரூபாய்க்கு 64 காலணா, 192 தம்பிடி. இன்று இதைக் கேட்டால் யாரோ வேண்டுமென்றே குழப்பி வைத்தது மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஏற்பாட்டுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது: பாதி பாதியாக வெட்டிக்கொண்டே போகலாம். 16-இல் பாதி 8, அதில் பாதி 4, பிறகு 2, பிறகு 1, அப்புறம் அரையணா, காலணா. தமிழ்க் கணக்கிலும் இதே ஓட்டம்தான்: அரை, கால், அரைக்கால், வீசம் என்று ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. வீசம் என்றால் பதினாறில் ஒன்று, அதாவது ரூபாயில் வீசம்தான் அணா. காலணா என்பது கால்வீசம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்தவருக்கு இது பேப்பர் பென்சில் இல்லாமல் வாயிலேயே வரும் கணக்கு. 100 அப்படி இல்லை. 50, 25 என்று இரண்டு வெட்டு வெட்டினால் சரி, மூன்றாவது வெட்டில் பன்னிரண்டரை என்று பல்லிளிக்கிறது.

சிக்கலெல்லாம் இந்த அரையில்தான். ஓரணாவின் சரியான மதிப்பு 6.25 பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. என்ன செய்வது? அரை பைசாவோ அதற்குக் குறைவோ மிஞ்சினால் விட்டுவிடு, அரைக்கு மேல் இருந்தால் ஒரு முழுப் பைசாவாகச் சேர்த்துக்கொள் என்று விதி வைத்தார்கள். அதன்படி ஓரணா 6 பைசா, இரண்டணா 12 பைசா (பன்னிரண்டரை வந்தாலும்), மூன்றணா 19 பைசா, நாலணா சரியாக 25. பட்டியல் பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. பெட்டிக்கடையில் உட்கார்ந்து பாருங்கள். ஓரணாச் சாமான் விற்கும்போதெல்லாம் உங்களுக்குக் கால் பைசா நஷ்டம். ஒரு ரூபாய் சரக்கை ஓரணா ஓரணாவாக விற்றால் கல்லாவில் சேர்வது 96 பைசாதான். விலையை 7 ஆக்கினால் என்ன என்று உங்கள் கை தானாக அரிக்கும். 7 ஆக்கினால் 112.

வாங்குகிற பக்கம் போவோம். ரொம்பச் சின்னதாக, காலணாவுக்கு வாங்குகிறவர் யார்? கையில் அதற்கு மேல் இல்லாதவர். காலணாவின் மதிப்பு 1.5625 பைசா. அரைக்கு மேல் வருவதால் விதிப்படி அது 2 பைசா. அதாவது அதே பொருளுக்கு அவர் 28 சதவீதம் கூடக் கொடுக்கிறார். சட்டத்தில் எங்கேயும் ஏழைக்கு விலை ஏற்று என்று எழுதவில்லை, எழுதியவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமும் இருந்திருக்காது. ஆனால் முழு எண்ணாக்கும்போது சிதறுகிற துணுக்கு, தொகை எவ்வளவு சின்னதோ அவ்வளவு பெரிதாக வலிக்கும், அது கணக்கின் குணம். எந்தப் பெரிய மாற்றத்தையும் நான் இப்போது இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்: மீதி வரும் துணுக்கு யார் தலையில் விழுகிறது?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. ஒரு ரூபாயைக் கொடுத்து 64 காலணாக் காசு வாங்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக 2 பைசாவுக்கு மாற்ற ஒரு ஏமாளி கிடைத்தால் 128 பைசா உங்கள் கையில். எதுவும் உழைக்காமல் 28 பைசா லாபம். இதே ரூபாயை ஓரணாக்களாக மாற்றிப் போனால் 4 பைசா போச்சு. ஆகவே ஒவ்வொரு சாமானாக மாற்றாமல், எல்லாவற்றையும் பழைய கணக்கில் கூட்டிக் கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றினால்தான் ஓட்டை சின்னதாகும்.

இவ்வளவு ஓட்டை இருந்தும் ஊர் கவிழ்ந்துவிடவில்லை. அதற்கு என் கணிப்பில் மிக முக்கியமான காரணம், ரூபாயைத் தொடவே இல்லை. பெயர், மதிப்பு, நோட்டு எல்லாம் அதேதான். அதோடு எட்டணா என்றால் சரியாக 50 பைசா, நாலணா என்றால் சரியாக 25. இந்த இரண்டு பழைய காசும் ஒரு துணுக்கும் சிந்தாமல் புதிய கணக்குக்குள் உட்கார்ந்துவிட்டன. ஆற்றைக் கடக்கும்போது நடுவில் காலை ஊன்ற இரண்டு கல் கிடைத்த மாதிரி. குழப்பம் வந்தால் நாலணாவுக்குப் போய் நின்றுகொண்டு அங்கிருந்து எண்ணலாம். என் பாட்டி கடைசிவரை செய்தது அதைத்தான். பழைய அணாக் காசுகளையும் மறுநாளே செல்லாது என்று சொல்லவில்லை, சில வருடங்கள் இரண்டும் ஒரே சுருக்குப்பையில் கிடந்தன. பிரிட்டனும் 1971 பிப்ரவரி 15 அன்று பத்தின் கணக்குக்கு மாறியபோது இதே வழியைத்தான் பிடித்தது. பழைய ஷில்லிங்குக்கு ஈடான 5 பென்ஸ் காசை அதே அளவில் 1968-லேயே அடித்துப் புழக்கத்தில் விட்டுவிட்டார்கள், நாள் வரும்போது கைக்குப் பழகியிருந்தது.

கை என்றதும் இன்னொன்று. புதுக் காசில் எழுத்து இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஒரு நயா பைசாவில் 'ரூபாயின் நூறில் ஒரு பங்கு' என்று இந்தியில் பாடமே நடத்தியிருப்பார்கள். மதுரைச் சந்தையில் கீரை விற்கும் அம்மாவுக்கு அது எதற்கு உதவும்? அவருக்கு உதவியது வடிவம். ஒரு பைசா செந்நிறத்தில் குட்டி வட்டம், ஐந்து பைசா சதுரம், பத்து பைசாவுக்கு அலை அலையான விளிம்பு. மடியில் கைவிட்டுத் தடவியே எடுத்துவிடலாம். புதிய முறையைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய வேலையில் பாதியை இப்படி விரல் நுனி எடுத்துக்கொண்டது.

'நயா' என்ற ஒட்டுச்சொல்லும் சும்மா வந்ததில்லை. ரூபாயில் 64-இல் ஒரு பங்கான பழைய காசுக்கும் பைசா என்றுதான் பேர். ஒரே பெயரில் இரண்டு மதிப்பு உலாவினால் சண்டைதான். அதனால் புதியதற்கு 'நயா' என்று அடைமொழி. பழையது வழக்கொழிந்ததும், 1964 ஜூன் 1 முதல் 'நயா'வைக் கழற்றிவிட்டார்கள். ஏழு வருடம் நின்ற சாரம் அது. கட்டடம் காய்ந்ததும் பிரித்துவிட்டார்கள். (நாம் இங்கே இவ்வளவு பாடுபட்டுக்கொண்டிருந்தபோது பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1872-லேயே ரூபாய்க்கு நூறு சதம் என்று ஆகியிருந்தது.)

சரி, எல்லா மாற்றத்தையும் இப்படிச் சாவகாசமாக, இரண்டையும் ஒரே பையில் போட்டு நடத்த முடியுமா? சாலையில் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த வருடம் லாரிகள் வலப்பக்கம், அடுத்த வருடம் கார்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? ஸ்வீடன் 1967 வரை நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டிய நாடு. ஆனால் அங்கே ஓடிய பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்கும் இடப்பக்கமே இருந்தது, அக்கம்பக்கத்து நாடுகளிலோ வலப்பக்கப் போக்குவரத்து. 1955-இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள், சுமார் 83 சதவீதம் பேர் மாற வேண்டாம் என்றார்கள். நாடாளுமன்றம் 1963-இல் மாறுவதென்றே முடிவு செய்தது. தேதி 1967 செப்டம்பர் 3, ஞாயிறு. அதிகாலை 4.50-க்குச் சாலையில் இருந்த வண்டிகள் எல்லாம் நிற்க வேண்டும், மெதுவாக எதிர்ப்பக்கம் நகர வேண்டும், மறுபடி நிற்க வேண்டும், 5 மணிக்குக் கிளம்பலாம். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் நான்கு வருட வேலை இருந்தது. பேருந்துகளின் கதவை மறுபக்கம் வைத்துக் கட்டினார்கள், சாலைப் பலகைகளை எல்லாம் மாற்றினார்கள், பால் பாக்கெட்டில்கூட நினைவூட்டும் சின்னம் அச்சிட்டார்கள்.

பெரிய விபத்து நடக்கும் என்று பயந்தவர்கள் ஏமாந்தார்கள். மாறிய கையோடு விபத்துகள் குறைந்தன, பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கே வந்து சேர்ந்தன. வலப்பக்கம் ஓட்டுவது பாதுகாப்பானது என்று இதற்கு அர்த்தமில்லை. எல்லாரும் பயந்து பயந்து ஓட்டினார்கள், அவ்வளவுதான். பயம் தெளிந்ததும் வேகமும் திரும்பிவிட்டது.

ஆக, புதிய முறை வந்த நாளன்று பழைய முறையில் இருப்பவரும் புதிய முறையில் இருப்பவரும் நேருக்கு நேர் மோதிக்கொள்வார்களா என்பதுதான் முதல் கேள்வி. மோதுவார்கள் என்றால் ஒரே நிமிடத்தில் மாற வேண்டும், அதற்கு முன்னால் வருடக்கணக்கில் தயாராக வேண்டும். மோதமாட்டார்கள், கொஞ்சம் வாக்குவாதம்தான் வரும் என்றால் இரண்டையும் கூடி வாழ விடலாம். ஆனால் அப்போது பழையது எப்படி விடைபெறும் என்பதற்கு வழி வைத்திருக்க வேண்டும். காசுக்கு அந்த வழி இயல்பாகவே இருந்தது: அடிப்பது அரசாங்கம், வங்கிக்குத் திரும்பி வந்ததை மறுபடி வெளியே விடாமல் இருந்தால் போதும். வெறும் சட்டம் மட்டும் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. எடை, அளவைகளை மெட்ரிக் முறைக்கு மாற்ற மேயோ பிரபு வைஸ்ராயாக இருந்தபோதே, 1871-இல், சட்டம் வந்தது. நடைமுறைக்கு வராமலேயே கிடந்தது. மறுபடி சட்டம் வந்தது 1956-இல், எடைக்கற்கள் மாறத் தொடங்கியது 1958 அக்டோபரிலிருந்து. இந்தத் தடவை பலமும் வீசையும் மணங்கும் நிஜமாகவே போய்விட்டன. கடைக்காரர் தராசில் வைக்கும் கல்லிலேயே முத்திரை இருக்க வேண்டும் என்று வந்துவிட்டதே, முத்திரையில்லாத வீசைக்கல்லை எத்தனை நாள் ஒளித்து வைப்பது?

நிலத்துக்குப் போனால் கதை வேறு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருக்கும், டீக்கடையில் யாரையாவது கேளுங்கள், ஏக்கர், சென்ட்தான். சென்னையில் கிரவுண்ட். காரணம் பிடிவாதம் என்று நான் நினைக்கவில்லை. காசு கரைந்துவிடும், பத்திரம் கரையாது. தாத்தா வாங்கிய இடத்தின் பத்திரத்தில் சென்ட் என்று இருந்தால் அப்பா பெயருக்கு எழுதும்போதும் அந்தச் சென்ட் கூடவே வரும், பேரன் விற்கும்போதும் வரும். பழைய அளவு அங்கே பீரோவுக்குள் பூட்டியிருக்கிறது.

தங்கத்தில் இன்னும் சுவாரசியம். சவரன் என்பது ஆங்கிலேயர் காலத்துப் பவுன் காசு, எடை 7.988 கிராம். கிராம் வந்தபிறகு அதை யாரும் ஒழிக்கவில்லை, சத்தமில்லாமல் 8 கிராம் என்று ஆக்கிக்கொண்டார்கள். அன்று ஓரணாவைச் செதுக்கி ஆறு பைசா ஆக்கினார்கள் என்றால், இங்கே பழைய அளவுக்கே ஒரு துளி கூட்டிப் புதிய கணக்குக்குள் பொருத்திவிட்டார்கள். இன்றும் நகைக்கடைப் பலகையில் கிராம் விலையும் சவரன் விலையும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன, ஒன்றை எட்டால் பெருக்கினால் மற்றது.

நாலணாவும், அதாவது 25 பைசாவும், 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயிற்று. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். பவுடர் டப்பா இப்போது என்னிடம் இருக்கிறது. தெருமுனையில் பூ விற்கும் அக்கா மட்டும் 1871 சட்டத்துக்கும் 1956 சட்டத்துக்கும் இன்னும் பிடி கொடுக்கவில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை மல்லிகைச் சரத்தை இழுத்து அளந்து, ஒரு முழம் என்கிறார். அவருக்குக் கை குட்டை. உங்கள் கையால் அளந்து தரட்டுமா என்றால் சிரித்துவிட்டு, இன்னும் நாலு விரல்கட்டை சேர்த்து நறுக்குகிறார்.