ஷட்டில்: நாடாவிலிருந்து விமானம் வரை

ஷட்டில் என்றதும் பலருக்கு இறகுப்பந்துதான் நினைவுக்கு வரும். பெங்களூரு ஐ.டி. ஊழியருக்கோ அது மெட்ரோ நிலையத்திலிருந்து ஆபீஸுக்கு விடும் கம்பெனி பஸ். 'ஷட்டில் விமானம்' என்றால் மட்டும் ஏனோ சின்ன விமானம் என்று எடுத்துக்கொள்கிறோம். சொல்லுக்கும் அளவுக்கும் தொடர்பே இல்லை.

வேர், பழைய ஆங்கிலத்தில் எய்யும் அம்பைக் குறித்த சொல். 'ஷூட்' என்பதற்கு உறவு. பிறகு தறிக்கு வந்தது. சேலத்து நெசவாளர் அதை நாடா என்பார். படகு வடிவ மரக்கட்டை. இரு முனையிலும் உலோகக் கூர். நடுக்குழியில் ஊடை எனும் குறுக்கு நூல் சுற்றிய தார் என்ற சிறு குழல். பாவு எனும் நெடுக்கு இழைகள் மேலும் கீழுமாகப் பிரியும் சந்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயும். திரும்பிவர அதைத் திருப்பிவைக்க வேண்டாம், இரண்டு பக்கமும் முன்பக்கமே. பாதியில் சிக்கினால் பாவு அறும்.

இந்த ஓயாத போய்வருதல்தான் 19ஆம் நூற்றாண்டில் ரயிலுக்கும் பெயரானது. விமானத்தில் இதைப் பிரபலமாக்கியது அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ். 1961 ஏப்ரல் 30 அன்று நியூயார்க்கிலிருந்து பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் தொடங்கியது. முன்பதிவு கிடையாது, ஆனால் இடம் உறுதி. விமானம் நிரம்பிவிட்டால் மிச்சம் நின்றவர்களுக்கு இன்னொரு விமானம் விடப்பட்டது. பயணிக்குச் சொகுசு, கம்பெனிக்கோ எந்நேரமும் விமானத்தையும் ஆட்களையும் சும்மா நிறுத்திவைக்கும் செலவு.

நம்மூரில் 1981இல் வந்த வாயுதூத் விமான நிறுவனம், 2003இல் பெங்களூரிலிருந்து ஏடிஆர் 42 என்ற சின்ன விமானங்களோடு கிளம்பிய ஏர் டெக்கான், 2017இல் முதல் விமானம் பறந்த மத்திய அரசின் உடான் திட்டம் ஆகியவை சிற்றூர்களைப் பெருநகரத்தோடு கோத்தவை. ஒரே தடத்தில் ஓயாமல் போய்வராததால், இவற்றை ஷட்டில் என்பதைவிட வட்டாரச் சேவை என்பதே சரி. 2023இல் தொடங்கிய பெங்களூரு–சேலம்–கொச்சி சேவையும் அந்த வகைதான். நாடா ஒரு தடவை போய்வந்தால் துணியாகிவிடுமா?

ஆனாலும் நாடாவின் சிக்கல் இவற்றுக்கும் உண்டு. ஒரே ஏடிஆர் ஊர் மாற்றி ஊர் பகல் முழுக்க நடை அடிக்கும். நிறுத்தத்தில் அரை மணி நேரம்கூட இருக்காது. பயணிகள் வால்பக்கக் கதவு வழியே ஏறுவதால், பின்பாரம் கூடி வால் தரையில் சாயாமலிருக்க அடியில் முட்டுக்கம்பு கொடுப்பார்கள். குளிர்காலத்தில் பெங்களூரில் மூடுபனியால் முதல் நடை ஒரு மணி நேரம் பிந்தினால், மாலை நடைவரை அது இழுக்கும்.

தமிழில் என்ன சொல்வது? 'நாடா' துல்லியமானது, ஆனால் இன்று ரிப்பனும் ஒலிநாடாவும்தான் கண்முன் வரும். விண்வெளி ஷட்டிலுக்கு 'விண்ணோடம்' நிலைத்துவிட்டது. அதில் 'திரும்பத் திரும்ப' என்ற பொருள் இல்லை. 'சுற்றுப்பேருந்து' தவறு, ஷட்டில் வட்டமடிப்பதில்லை. போக்கு, வரத்து என்ற இரண்டும் சேர்ந்த 'போக்குவரத்து' கச்சிதமாக இருந்திருக்கும். அது எல்லா வண்டிக்கும் பொதுவாகிவிட்டது. எஞ்சுவது 'போய்வரு': போய்வரு பேருந்து, போய்வரு விமானம். மாரிக்குப்பத்திலிருந்து கோலார் தங்கவயல் தமிழரை நாள்தோறும் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிவந்து இறக்கும் ரயிலுக்கும் இது பொருந்தும்.