மான் மண்டையோட்டை வெளுக்க முனையும் முன்

ஆய்வுகூடமொன்றில் விலங்கு எலும்புகளைப் பராமரிப்பது என் தொழில். சென்ற மாரி முடிந்த கையோடு, மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையிலிருந்து ஒரு குடும்பத்தார் கொம்புடன் கூடிய புள்ளிமான் மண்டையோடு ஒன்றைப் பற்றிக் கேட்டு வந்தார்கள். பாட்டனார் காலம் முதல் விறாந்தைச் சுவரில் தொங்கிய அதில் பாசி படர்ந்ததால், குளோரின் கலந்த வெளுக்கும் திரவத்தில் ஓர் இரவு முழுவதும் ஊறவைத்திருக்கிறார்கள். பாசி போய்விட்டது, தொட்ட இடமெல்லாம் எலும்பு சுண்ணாம்பாய் உதிர்ந்தது.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை நினைவூட்டி, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு அறிவித்த பின்னரே அதைத் தொடுவேன் என்றேன். கல்லோயா, குமண தேசிய பூங்காக்களுக்குள் தானாக விழுந்து கிடக்கும் கொம்பையும் எடுத்து வரக்கூடாது.

எலும்புக்குக் கடினம் தருவது கனிமம். அது நொறுங்காமல் பிடித்து வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். வெயிலிலும் மழையிலும் நாட்பட்ட எலும்பில் அந்தப் புரதம் ஏற்கெனவே குறைந்திருக்க, குளோரின் எஞ்சியதையும் சிதைப்பதோடு, கழுவிய பின்னும் நுண்துளைகளில் தங்கி அரித்துக்கொண்டிருக்கும். கொதிக்கவைப்பதும் தவறு, கொழுப்பு உள்ளிறங்கும், பற்கள் வெடிக்கும்.

எலும்பு உறுதியாக இருந்தால், பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த இளஞ்சூட்டு நீரும் மென்மையான பற்தூரிகையும் போதும். மூக்கினுள் சுருண்டிருக்கும் தாள் போன்ற எலும்புகளில் தூரிகை படவே கூடாது. கழன்று விழும் பற்களைத் தவறவிடாதிருக்கக் கீழே துணி விரியுங்கள். கடலோரத்தில் கிடந்ததாயின் நன்னீரைப் பலமுறை மாற்ற வேண்டும். உட்புகுந்த உப்பு உலரும்போது பளிங்காகி மேற்பரப்பைப் பெயர்த்துவிடும்.

மான் கொம்பு மாட்டுக் கொம்பைப் போன்றதன்று, முழுவதும் எலும்பே. அதன் கபில நிறம் மேற்பரப்பில் மட்டுமே இருப்பதால், ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து நிறுத்திவிடுங்கள். மண்டையோட்டை வெண்மையாக்க 3 சதவீத ஐதரசன் பெரொட்சைட்டைப் பஞ்சால் ஒற்றுவதுண்டு. ஆனால் நாட்பட்ட எலும்புக்கு அதையும் நான் பரிந்துரைப்பதில்லை, பழுப்பு அதன் வயதுக்குரியது.

உதிரும் எலும்பை நீரில் இடாமல் நிழலில் உலர்த்தி, அசெற்றோனில் 5 சதவீதமாகக் கரைத்த பரலொயிட் பி-72 என்னும், எலும்பை இறுக்கிப் பிடிக்கும் பிசினை மெல்லிய பூச்சுகளாக ஊட்ட வேண்டும். அசெற்றோன் எளிதில் தீப்பற்றும். காற்றில் ஈரம் மிகுந்தால் பூச்சு வெண்புகைபோல் மங்கிவிடுமாதலால், மாரியில் இதைச் செய்யாமல் வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள் வரை காத்திருப்பேன்.

அந்த மண்டையோட்டையும் அப்படியே காத்திருந்து முடித்தேன். நெற்றியும் கொம்புகளும் தேறின. மூக்கு நுனி எலும்பு தேறவில்லை. இப்போது அது விறாந்தையில் இல்லை, வெயில் படாத உள்ளறையில் இருக்கிறது.