இரைப்பைக்குள் ஒரு சோனார்

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பாவுக்குக் கண் மஞ்சள். வயிற்று ஸ்கானில் பித்தக்கான் வீங்கியிருக்கிறதாம், என்ன அடைக்கிறது என்று தெரியவில்லையாம். இப்போது வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளேயிருந்து ஸ்கான் எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்ததையே ஏன் மறுபடி எடுக்க வேண்டும்?"

பதிலில் பாதி எங்கள் கடற்றொழிலாளர்களுக்குத் தெரியும்.

ஈரலிலிருந்து வரும் பித்தக்கான் சதையியின் (கணையத்தின்) தலைப்பகுதி வழியாக இறங்கி முன்சிறுகுடலில் திறக்கிறது. பள்ளிக்கூடத்தில் படம் கீறியிருப்பீர்கள். அந்த வாசலில் கல்லோ கட்டியோ நின்றால் பித்தம் இரத்தத்தில் ஏறும், செங்கண்மாரி வரும். சதையியோ இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. முன்னால் இரைப்பையிலும் குடலிலும் வாயு. ஸ்கானில் அனுப்புகிற கழியொலிக்கு, அதாவது காதுக்கு எட்டாத ஒலிக்கு, வாயு ஒரு மதில். பட்டதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். ஸ்கானுக்கு ஜெல் பூசுவதே தோலுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள காற்றை விரட்டத்தான். குடலுக்குள் இருக்கிற காற்றை எந்த ஜெல்லால் விரட்டுவது?

சரி, படகுக்கு வருவோம். மீன் தேடும் சோனாரும் ஸ்கானைப் போல ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிற கருவிதான். அதில் வழக்கமாக இரண்டு மீடிறன்கள் (அதிர்வெண்கள்) உண்டு: 50, 200 கிலோஹேர்ட்ஸ். மீடிறன் கூடினால் அலைநீளம் குறைந்து படம் நுணுக்கமாகும், ஆனால் அலை சீக்கிரம் களைத்துவிடும். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நன்றாகக் காட்டுகிற 200, வெளியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கின் மேல் போனதும் அடியைக் காணாமல் தவிக்கும். அங்கே 50தான் உதவும்.

வயிற்றிலும் இதே கணக்குத்தான். வெளியிலிருந்து ஆழம் போக 3.5 மெகாஹேர்ட்ஸ் அளவில் அனுப்பினால் அலைநீளம் ஏறத்தாழ 0.44 மில்லிமீற்றர். கருவியை எண்டோஸ்கோப் என்கிற அந்த வாய்வழிக் குழாயின் நுனியில் பொருத்தி இரைப்பைக்குள்ளேயே இறக்கிவிட்டால், சதையி சில மில்லிமீற்றர் சுவருக்கு அப்பால்தான். தூரம் போக வேண்டியதில்லை, 7.5க்கும் மேலே தாராளமாகக் கூட்டலாம், அலைநீளம் 0.2க்கு இறங்கும். நுனியைச் சுற்றி ஒரு குட்டி பலூன், அதற்குள் தண்ணீர். அது இரைப்பைச் சுவரோடு ஒட்டிக்கொண்டால் இடையில் காற்றுக்கு இடமே இல்லை. இத்தனை பெரிய தொல்லைக்கு ஒரு பலூன் தண்ணீர்! எனக்கு இன்றும் இது அலுக்கவில்லை. கட்டி தெரிந்தால், படத்தைப் பார்த்தபடியே சுவரினூடாக ஊசியைச் செலுத்தித் துணுக்கும் எடுக்கலாம்.

கானுக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் பழைய முறையும் இருக்கிறது. அது சிலருக்குச் சதையியில் அழற்சியைக் கிளப்பிவிடும். அதனால் இப்போது அதைப் பெரும்பாலும் கல்லை எடுக்கவும், அடைப்பில் குழாய் வைக்கவுமே வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், கீழ்க்காய்நெல்லிச் சாறும் ஓதிய தண்ணீரும். வைரஸால் வரும் செங்கண்மாரி பலருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். பெயர் சாற்றுக்குப் போகும். கல் அடைத்திருந்தால் சாறு என்ன செய்யும்? புது வைத்தியசாலைக் கட்டடங்களுக்குக் கொட்டுகிற காசில் கொஞ்சத்தை இந்தக் கருவியைப் பிடிக்கும் கைகளைப் பழக்கவும் செலவிடலாம் என்பது என் கட்சி.

அப்பாவைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டும், மயக்க மருந்து கொடுப்பார்கள். திரும்பி வரும்போது மட்டும் மோட்டார் சைக்கிள் சாவியை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.